தொடாதே என்று சொல்லி வைத்தேன்

நான்கு வருடம் ஆகிறது. தை மாதம், பொங்கல் கழிந்து நாலைந்து நாள். கம்பத்துக்கு வெளியே எங்கள் டீம் பயிற்சி எடுக்கும் மைதானம், சாயங்காலம் ஐந்தரை மணி. எங்கள் பக்கம் சூரியன் அடிவானத்துக்குப் போவதில்லை. அதற்கு முன்பே மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிக்கொள்ளும். அதனால் இருட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் வெயில் இல்லாத வெளிச்சம் கிடைக்கும். கால்பந்துக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. அந்த வெளிச்சத்தில்தான் நான் என் நண்பனின் முட்டியை உடைத்தேன்.

உடைத்தேன் என்று சொன்னால் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். "பந்துக்குத்தான் வந்தீக மாமா" என்பான். தரையில் கிடந்து முகம் வெளுத்துப் போயிருந்தபோதும் அதைத்தான் சொன்னான்.

எங்கள் பள்ளத்தாக்கில் பதினொரு பேர் ஆட்டம் குறைவு. கேரளாவிலிருந்து மலையிறங்கி வந்த ஏழு பேர் ஆட்டம்தான் இங்கே உயிர்; செவன்ஸ் என்போம். நான் பின்வரிசையில் தடுக்கிறவன். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு. அவன் இடது விங், முப்பத்தொன்று. அவன் முஸ்லிம், நான் இந்து. எங்கள் ஊரில் மாமன் மச்சான் முறை அதையெல்லாம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நான் அவனுக்கு மாமா, அவன் எனக்கு மாப்ள. ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலையேறும் ஜீப் அவனுடையது. அந்த ஜீப் வளைவில் திரும்புகிற மாதிரியேதான் அவனும் மைதானத்தில் திரும்புவான். இந்தப் பக்கம் விழப்போகிறான் என்று நாம் கை நீட்டும்போது அந்தப் பக்கம் போய்விட்டிருப்பான்.

அன்று பயிற்சி ஆட்டத்தில் அவன் எனக்கு எதிர்ப்பக்கம். பந்தை என் இரண்டு காலுக்கும் நடுவில் தட்டிவிட்டு, என்னைச் சுற்றிப் போய் எடுத்துக்கொண்டான். போகிற போக்கில், "கேட்டச் சாத்துங்க மாமா, ஆடு மாடெல்லாம் போகுது" என்றான். கோட்டோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த முறை அவன் வந்தபோது சறுக்கி இறங்கினேன். அரை நொடி தாமதம். அந்த அரை நொடியில் இருந்தது என் வயதா, என் கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் முடியாது.

நான் சொட்டுநீர்ப் பாசனத்துக்குக் குழாய் போடுகிறவன். பிரஷர் கூடி ஜாயிண்ட் கழன்றுகொள்ளும் சத்தம் எனக்குப் பழக்கம். அன்று அந்தச் சத்தம் ஒரு மனிதனுக்குள்ளிருந்து வந்தது.

மதுரையில் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, முட்டிக்குள் இருக்கிற ஜவ்வு முழுசாகக் கிழிந்துவிட்டது என்றார். தொடையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து உள்ளே கட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஒன்பது மாதமாவது ஆட்டம் கிடையாது. விளையாட்டையே விட்டுவிட்டால் இன்னும் நல்லது என்று முடித்தார். வெளியே வந்ததும் அவன் என்னிடம், "ஒம்பது மாசம்னாகல்ல மாமா? அப்ப பத்தாவது மாசம் வெளாடலாம்" என்றான். பத்தாவது மாசம், அதற்கடுத்த மாசம். அவன் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் பொங்கலை ஒட்டி உத்தமபாளையத்தில் செவன்ஸ் நடக்கும். பள்ளத்தாக்கு முழுவதும் அங்கே வந்து நிற்கும். அதில் முதல் விசில் ஊதும்போது மைதானத்துக்குள் இருக்கும் ஏழு பேரில் ஒருவனாக அவன் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவனை நான் தினமும் போய்ப் பார்த்தேன். என் குற்றம் என்னை உட்கார விடவில்லை. தோட்டத்தில் குழாய்க்குப் பள்ளம் வெட்டிக்கொண்டிருப்பேன், மனசு அவன் கட்டிலில் இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் கண் அந்தக் காலைப் பார்க்காது. கால் மெலிந்துகொண்டே வந்தது. அவன் மனைவி தையல் மிஷின் டேப்பை எடுத்து வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு தொடையையும் அளந்து சுவரில் கரியால் எழுதி வைப்பாள். வலது தொடை அளவு மாறவே மாறாது. அடிபட்ட இடது தொடை ஒரு விரல் குறையும், அரை விரல் ஏறும், மறுபடி குறையும்.

பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண், "உங்களுக்கு முதலில் என்ன செய்ய வரணும்?" என்று கேட்டபோது அவன் பந்து என்று சொல்லவில்லை. "தொழுகையில மண்டி போடணும்" என்றான். அதுவரை பள்ளிவாசலில் வயதானவர்களோடு நாற்காலி வரிசையில் உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்தான். ஒரு ஜீப் டிரைவர், ஊரே பார்த்துக் கைதட்டிய ஒரு விங், தன் அத்தா வயதுக்காரர்களுக்கு நடுவில் நாற்காலியில். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நான் பள்ளிவாசலுக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. அவன் செருப்பைக்கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தான். "மடங்கிருச்சு மாமா" என்றான். என் கையில் டீ ஆறிப்போனது.

அதற்குப் பிறகு ஆற்றில் நடை. காலை ஆறரைக்கு, முல்லையாற்றில் தொடையளவு தண்ணீரில் எதிர்த்து நடக்க வேண்டும். தண்ணீர் நம் சொந்தம் இல்லை. லோயர் கேம்ப் மின்நிலையத்தில் எவ்வளவு திறந்துவிடுகிறார்களோ அவ்வளவுதான் நமக்கு. ஒருநாள் முழங்காலுக்கு இருக்கும், மறுநாள் இடுப்பைத் தள்ளும். நான் முன்னால் இறங்கி ஆழம் பார்ப்பேன், அவன் பின்னால் வருவான். "பைப்புக்காரரு ஆத்துக்கே ஆழம் பாக்குறாக" என்று துணி துவைக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். முதல் வாரம் இருபது அடி. பிறகு நாற்பது. பிறகு பாலத்திலிருந்து அரச மரம் வரை. நீரை எதிர்த்து ஒருவன் நடப்பதை முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தால் அவன் நகர்கிறானா நிற்கிறானா என்றே தெரியாது. அந்த வருடம் முழுவதும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஆவணியில் நேராக ஓடினான். புரட்டாசியில் வளைந்து ஓடினான். மைதானத்தில் நான் என் குழாய்த் துண்டுகளை நட்டு வைப்பேன், அவன் அவற்றைச் சுற்றிச் சுற்றி வருவான். பிறகு பந்து. பிறகு பாஸ். பிறகு பயிற்சி ஆட்டம், ஆனால் மஞ்சள் பனியனோடு.

அந்த மஞ்சள் பனியன் எங்கள் கோச்சின் ஏற்பாடு. கோச் குமுளிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார். அடிபட்டு வருகிறவன் அந்தப் பனியனைப் போட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அவனை இடிக்கக் கூடாது, அவன் காலிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது. நாலு வாரம். அதற்குப் பிறகு கழற்றிவிட வேண்டும். "பதுக்கெ, பதுக்கெ" என்று அவனை அடக்கி அடக்கிக் கொண்டுவந்தவர், நாலாவது வார முடிவில் தானே அந்தப் பனியனை அவன் தலை வழியாக உருவி எடுத்து, "மதி" என்றார். போதும். இனி நீ மற்றவர்களைப் போல.

நான்தான் போதும் என்று விடவில்லை.

கோச் மூன்று ஊர் டீம்களோடு ஆட்டம் பேசியிருந்தார். முதலில் ஓடைப்பட்டி, அங்கே கடைசிப் பத்து நிமிடம் அவனை இறக்குவார். அடுத்து உத்தமபாளையத்து டீம், பாதி ஆட்டம். கடைசியில் வருசநாடு, அங்கே முழு ஆட்டம். அந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பொங்கல் ஆட்டத்துக்கு முதல் ஏழு பேரைத் தேர்ந்தெடுப்பார். எனக்கு மூன்று ஊரிலும் வேலை உண்டு, ஆள் தெரியும். ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்து குழாய் ஓட்டிக்கொண்டிருந்தபோது அந்தத் தோட்டத்துக்காரரிடமே சொன்னேன். அவர்தான் அந்த ஊர் டீமுக்குக் கேப்டன்.

"எங்க விங்கு பையன் திரும்பி வாரான். கொஞ்சம் பாத்துக்கங்க. கால்ல போட்ராதீக."

"ஏன், இன்னும் சரியாகலையா?"

"ஆயிருச்சு. இருந்தாலும்..."

அவர் கையிலிருந்த கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு, "சரிய்யா, தொடல. அவரு நல்லா வந்தா நமக்கும் சந்தோசந்தான்" என்றார். அவ்வளவு எளிதாக இருந்தது. உத்தமபாளையத்தில் இன்னும் எளிதாக இருந்தது. வருசநாட்டில் ஒரு தேங்காய் லோடுமேன், தோள் ஒரு கதவு அகலம் இருக்கும், அந்த டீமின் பின்வரிசை முழுவதும் அவர் ஒருவரே. அவரிடமும் சொன்னேன். தலையை ஆட்டினார். யாரும் என்னை ஏன் என்று மடக்கிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை எனக்கே புரிந்திருக்கும்.

ஓடைப்பட்டியில் பத்து நிமிடம் அவன் பறந்தான். உத்தமபாளையத்தில் பாதி ஆட்டத்தில் ஒரு கோல் அடித்தான். இடது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி, இரண்டு பேரைத் தாண்டி, கீப்பரின் கைக்கு எட்டாத மூலையில். கோட்டுக்கு வெளியே அவன் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள், நான்தானே ஆற்றில் நடக்க வைத்தவன். நான் சிரித்தபடி நின்றேன். அவனைச் சுற்றி எதிர் டீம்காரர்கள் இரண்டடி தள்ளியே ஓடியதை அந்த மைதானத்தில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? கோச் கழற்றிய பனியனை நான் கண்ணுக்குத் தெரியாமல் அவனுக்கு மாட்டிவிட்டிருந்தேன்.

திரும்பி வரும்போது ஜீப்பில் அவன் கேட்டான். "மாமா, எனக்குத்தான் வேகம் கூடிருச்சா, இல்ல ஊரே ஸ்லோவாயிருச்சா?" எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். நான் வெளியே வாழைத்தோப்பைப் பார்த்தேன்.

மார்கழியில் வருசநாடு. காலை ஆட்டம் என்பதால் இருட்டோடு கிளம்பி, தேனி வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். சுற்றிலும் மலை, நடுவில் அகலமான ஒரு மைதானம், ஒரு பக்கம் தென்னந்தோப்பு. ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் இருக்கும். அவன் பந்தோடு வந்தான். எதிரே அவர்கள் டீமின் புதுப் பையன் ஒருவன், இருபது வயதிருக்கும். விஷயம் அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது, ஒழுங்காகக் காலை நீட்டினான். பின்னாலிருந்து லோடுமேன் கத்தினார்.

"ஏலே, அவர விட்ரு. சொல்லி வச்சிருக்காகல்ல."

பையன் காலை இழுத்துக்கொண்டான். வழி திறந்தது. கோல் முப்பதடி தூரம். அவன் போகவில்லை. பந்தை மிதித்து நிறுத்தினான்.

"யாரு சொல்லி வச்சது?" என்றான்.

லோடுமேன் பெரிய உடம்பு, பொய் சொல்லத் தெரியாதவர். அவருடைய கண் மைதானத்தைக் குறுக்காகக் கடந்து என்னிடம் வந்து நின்றது. அவனும் அந்தப் பார்வையைப் பின்தொடர்ந்து என்னைப் பார்த்தான்.

குனிந்து பந்தைக் கையில் எடுத்தான். ஆட்டத்தின் நடுவில், கையில். நடந்துபோய் ரெஃப்ரியிடம் கொடுத்தான். கோட்டைத் தாண்டி வெளியே போய் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். இரண்டு டீமும் நின்றது நின்றபடி நின்றோம். பாதியில் நின்ற ஆட்டம் பாதியிலேயே நின்றுவிட்டது.

வருசநாட்டிலிருந்து கம்பம் வரும் வழி நீளமானது. அந்த மதியம் அது முடியவே முடியாது என்று தோன்றியது. ஓட்டியது அவன்தான். எட்டுப் பேர் ஜீப்பில். இறங்கும்போது கோச் மட்டும் என்னிடம் பேசினார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "இந்த மூணு மேட்ச்சும் இனி எனக்குக் கணக்கில இல்ல அண்ணா. ஞான் அவனெ பார்த்ததே இல்ல. பின்னெ எந்த தைரியத்தில அவனெ இறக்குறது?" என்றார். பொங்கல் ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஆற்றில் நடந்த நடையும், சுவரில் கரிக்கோடுகளும், மடங்கிய முட்டியும், எல்லாம் சேர்ந்து அவனைக் கொண்டுவந்து சேர்த்த இடத்திலிருந்து நான் அவனை ஆரம்பத்துக்குத் தள்ளிவிட்டிருந்தேன். அந்த முட்டி தாங்குமா என்று கோச்சுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. அவனுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த மூன்று வாய்ப்பையும் நான் பேசிப் பேசி அடைத்துவிட்டேன்.

அவன் பயிற்சிக்கு வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எப்போதும் "வாங்கண்ணே" என்பவள் அன்று கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஊரூராப் போயிச் சொன்னீகளேண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"தப்புதாம்மா."

"கால் போனப்பக்கூட ரெண்டு வாய் சோறு தின்னாரு. இப்ப தட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. பயப்பட வேண்டியவ நானு. நானே போயிட்டு வாங்கன்னு அனுப்பி வச்சேன். உங்களுக்கு என்னண்ணே அம்புட்டுப் பயம்?"

ஈரச் சட்டையை உதறினாள், தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. வேண்டுமென்று செய்தாளா என்று தெரியவில்லை. "ஆத்துப்பக்கம் போயிருக்காரு" என்றாள்.

அவன் படித்துறையில் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று தண்ணீர் நிறையத் திறந்துவிட்டிருந்தார்கள், படி மூன்று மறைந்திருந்தது. அவன்தான் முதலில் கேட்டான்.

"எத்தன டீமு?"

"மூணு."

"உத்தமபாளையத்துல கீப்பர்ட்டயும் சொன்னீகளா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "இல்ல மாப்ள. அவங்கிட்ட நான் பேசவே இல்ல."

"அவுக டீமுக்காரக சொல்லியிருப்பாகல்ல?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அந்த ஒரு கோலையாவது அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை அவனுக்கு நல்லது என்று நினைத்துச் செய்ததால்தான் இவ்வளவும் வந்தது. "தெரியல மாப்ள" என்றேன். "சொல்லியிருக்கலாம்."

அவன் தலையசைத்தான். பதினோரு மாதத்துக்குப் பிறகு அவன் அடித்த முதல் கோல் அது. அது கோல்தானா என்று இனி எப்போதும் அவனுக்குத் தெரியப்போவதில்லை. கிழிந்த ஜவ்வை டாக்டர் கட்டிவிட்டார். இதை யார் கட்டுவது?

அப்போதுதான் சொன்னேன். அந்தச் சத்தம் இன்னொரு தடவை கேட்டால் என்னால் தாங்க முடியாது என்று. அவனுக்காக என்று நினைத்துக்கொண்டுதான் ஊரூராகப் போனேன், ஆனால் என் காதுக்காகத்தான் போயிருக்கிறேன் என்று. சொல்லும்போதே எனக்குத் தெளிவானது. அவன் என்னைத் தேற்றவில்லை. தேற்றாமல் விட்டதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

"அப்ப மறுபடி போங்க" என்றான். "அதே மூணு ஊருக்கும் போங்க. தொடாதன்னு சொன்ன வாயால தொடுங்கன்னு சொல்லிட்டு வாங்க. வருசநாட்டுக்காரகள இங்கன வரச் சொல்லுங்க, பாதியில விட்ட ஆட்டத்த முடிக்கணும். இன்னொண்ணு மாமா. நான் விழுந்தா நீங்க ஓடி வரக்கூடாது."

போனேன். ஓடைப்பட்டித் தோட்டத்துக்காரர், "என்னய்யா நீ, அன்னைக்குத் தொடாதங்குற, இன்னைக்குப் போட்டு அடிங்குற, உனக்கு என்னதான்யா வேணும்?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, அவனிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். வருசநாட்டு லோடுமேன் சிரிக்கவில்லை. தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொல்லாட்டியும் நாங்க தொட்டிருக்க மாட்டோம்ணே. அந்தக் கால் மறுபடி போயி, அது என்னாலன்னு ஆயிட்டா?" என்றார். பயம் எனக்கு மட்டும் இருக்கவில்லை. மூன்று ஊரிலும் அது ஏற்கெனவே இருந்திருக்கிறது. நான் போய் அதற்கு ஒரு வாய் கொடுத்தேன், அவ்வளவுதான்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வருசநாட்டுக்காரர்கள் மினி லாரியில் வந்து இறங்கினார்கள். ஆட்டம் தொடங்கியது. முதல் பத்து நிமிடம் ஒன்றும் மாறவில்லை. வாயால் சொல்லி வைத்ததை வாயால் எடுத்துவிடலாம். காலுக்கு அது உடனே புரிவதில்லை. அவன் வந்தால் அவர்கள் இன்னும் அரையடி ஒதுங்கினார்கள். அவன் பற்களைக் கடிப்பது எனக்கு இந்தப் பக்கத்திலிருந்து தெரிந்தது. பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். பந்தை லோடுமேனின் இரண்டு காலுக்கும் நடுவில் தட்டிவிட்டு மறுபக்கம் போய் எடுத்துக்கொண்டான். அவருடைய ஊர்க்காரர்களே ஓவென்று கத்தினார்கள். அவன் திரும்பிப் பார்த்து அவரிடம் ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெரிய முகம் சிவந்தது மட்டும் தெரிந்தது.

அடுத்த முறை அவன் வந்தபோது லோடுமேன் ஒதுங்கவில்லை. தோளும் காலும் ஒன்றாக இறங்கின. நேர்மையான அடி, பந்துக்குத்தான் வந்தார். அவன் மேலே போய்க் கீழே வந்தான். இடது பக்கமாக விழுந்தான், இரண்டு தடவை உருண்டான், கிடந்தான்.

நான் நின்ற இடத்திலிருந்து நாற்பதடி இருக்கும். என் கால் கிளம்பிவிட்டது. ஓடி வரக்கூடாது என்று அவன் சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நின்றேன். அந்த மாதிரி நின்றது என் வாழ்க்கையில் வேறு எப்போதும் இல்லை. மூச்சை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோட்டோரம் அவன் மனைவி நின்றாள், அவளும் நகரவில்லை. அவன் கை முட்டிக்குப் போனது. அங்கேயே இருந்தது. ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை.

அவன் தலையைத் தூக்கினான். முட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். முகம் கோணிப்போயிருந்தது.

"யோவ் மாமா, ஆள விட்டுட்டு என்னய என்னய்யா பாக்குற? பின்னாடி போறான் பாரு!"

திரும்பினேன். அந்தப் புதுப் பையன் பந்தோடு என்னைத் தாண்டிப் போய் வெகுநேரமாகியிருந்தது. ஆட்டம் நின்றிருக்கிறது என்று நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோல் விழுந்தது.

அவன் எழுந்தான். தூசியைக்கூடத் தட்டவில்லை. நேராக என்னிடம் வந்தான். வந்த வேகத்தில் ஒரு துளி நொண்டல் இல்லை என்பதை நான் கவனித்துக்கொண்டே அவனிடம் திட்டு வாங்கினேன். இத்தனை வருடத்தில் அவன் என்னை அப்படித் திட்டியதில்லை. வயசாயிருச்சுன்னா வீட்டில் உட்கார வேண்டியதுதானே என்றான். பந்தைப் பார்க்க வக்கில்லாதவனுக்கு பூட்ஸ் எதுக்கு என்றான். இன்னும் எழுத முடியாததெல்லாம் சொன்னான். வருசநாட்டுக்காரர்கள் இடுப்பில் கை வைத்து நின்று ரசித்தார்கள். நான் தலையைக் குனிந்து நின்றேன், கண்ணில் தண்ணீர். அவன் அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

அந்த ஆட்டத்தில் தோற்றோம், என்னால் விழுந்த கோலில். கோச் மறுநாள் பட்டியல் எழுதினார். முதல் ஏழில் அவன் இல்லை, எட்டாவது ஆள். உத்தமபாளையத்தில் முதல் ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் இறங்கினான். அடுத்ததில் பாதி. மூன்றாவது ஆட்டத்தில் முதல் விசில் ஊதியபோது அவன் இடது ஓரத்தில் கோட்டை மிதித்துக்கொண்டு நின்றான். மூன்றிலும் சேர்த்து அவனை நாலைந்து தடவை கீழே தள்ளினார்கள். ஒரு தடவைகூட நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தேன், ஆனால் என் ஆளை விடாமல் பார்த்தேன்.

இப்போது நான் விளையாடுவதில்லை. குழாய் வேலைக்குப் போகிற இடங்களில், நோயிலிருந்தோ நஷ்டத்திலிருந்தோ துக்கத்திலிருந்தோ மெல்ல எழுந்து வருகிற யாரையாவது பார்க்கிறேன். அவர்களுக்கு வழிவிட்டு விலகுவதற்கு முன் ஒரு கணம் நின்று, நான் விலகுவது அவர்கள் விழாமல் இருக்கவா, அவர்கள் விழுவதை நான் பார்க்காமல் இருக்கவா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.